ஆயில் கூலர் ஒழுகினால் அடைத்தால் மட்டும் போதுமா?



நம் முதலீட்டில் பெரும்பகுதி கடையிலோ குடோனிலோ இருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் வாரத்தில் இரண்டு நாள் அது லாரியின் முதுகில்தான் இருக்கிறது. விருதுநகரில் ஏற்றிய மிளகாயும் எண்ணெயும் மதுரை, திருச்சி கடந்து, தொழுதூரில் திரும்பி, திட்டக்குடி வழியாகப் பெண்ணாடம் வந்து இறங்கும் வரை நமக்குத் தூக்கம் வராது. நம்மில் சிலர் சொந்தமாக லாரி வைத்திருக்கிறோம். பலர் நாலு கடைக்காரர்கள் சேர்ந்து வாடகைக்கு அமர்த்துகிறோம். எப்படியானாலும் வண்டி வழியில் நின்றால் நட்டம் நமக்குத்தான். லாரியை வழியில் நிறுத்தும் கோளாறுகளில் முன்கூட்டியே கண்ணுக்குத் தெரியக்கூடிய ஒன்றைப் பற்றி இங்கே எழுதுகிறோம். அதுதான் ஆயில் கூலர் ஒழுகல்.

ஒரு சொட்டின் கணக்கு

"லேசாத்தான் முதலாளி கசியுது" என்று டிரைவர் சொல்வார். நாமும் தலையாட்டி விடுகிறோம். வியாபாரிகளாகிய நாம் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லி. வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்கு 3,600 சொட்டு, அதாவது 180 மில்லி. 10 மணி நேர ஓட்டத்தில் 1,800 மில்லி போய்விடும். 6 சிலிண்டர் லாரி என்ஜினில் மொத்தமே சுமார் 15 லிட்டர் ஆயில்தான் இருக்கும். ஒரு நடைக்கு அதில் எட்டில் ஒரு பங்கு ரோட்டில் கொட்டுகிறது! எடை குறைந்த மூட்டையை நாம் இப்படி விட்டுவிடுவோமா?

ஆயில் கூலர் என்ன வேலை செய்கிறது?

என்ஜினுக்குள் ஓடும் ஆயில் தேய்மானத்தைக் குறைப்பதோடு சூட்டையும் வாங்கிக்கொள்கிறது. டர்போ உள்ள வண்டிகளில் இந்தச் சூடு இன்னும் அதிகம். பம்பிலிருந்து வரும் ஆயில் தட்டுத் தட்டாக அடுக்கிய கூலருக்குள் ஓடும். அந்தத் தட்டுகளைச் சுற்றி ரேடியேட்டர் தண்ணீர் ஓடி ஆயிலின் சூட்டைத் தணிக்கும். 1993இல் தொடங்கப்பட்ட டாடா கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர் என்ஜினில் இந்தக் கூலர், பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு மூடிக்குள் அமர்ந்திருக்கும். ஆயில் ஃபில்டரும் அந்த மூடியோடு சேர்ந்தே இருக்கும். ஒரு பக்கம் ஆயில், ஒரு பக்கம் தண்ணீர், வெளியே காற்று. இவற்றைப் பிரித்து வைப்பது மெல்லிய பேக்கிங்குகளே. ஆண்டுக்கணக்கில் சூட்டில் வெந்து அவை கெட்டித்துப் போகும்போது ஒழுகல் ஆரம்பிக்கிறது.

எங்கே ஒழுகுகிறது?

முதலில் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆயில் கீழே இறங்கும். ஃபேன் காற்றில் பின்னாலும் பரவும். ஆகவே சொட்டும் இடம் ஒன்று, ஒழுகும் இடம் வேறொன்று. டாப்பெட் கவரில் கசிவதைக் கூலர் என்று நினைத்துக் கழற்றுவோரும் உண்டு. என்ஜினை நன்றாகக் கழுவி, காய விட்டு, சந்தேகப்படும் இடத்தில் பவுடர் தூவி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். மிக உயரத்தில், மிக முன்னால் எது நனைகிறதோ அதுவே ஊற்று.

வெளியே ஒழுகினால் பேக்கிங் மாற்றினால் தீரும். உள்ளே ஒழுகினால் கதை வேறு. என்ஜின் ஓடும்போது ஆயில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 3, 4 கிலோ வரை இருக்கும். தண்ணீரின் அழுத்தம் 1 கிலோ சுற்றில்தான் இருக்கும். ஆகவே ஓட்டத்தில் ஆயில் தண்ணீருக்குள் போகும். வண்டியை நிறுத்திய பின் ஆயில் அழுத்தம் இறங்கிவிடுவதால், தண்ணீர் ஆயிலுக்குள் வரும். ரேடியேட்டரில் ஆடை போல் ஆயில் மிதந்தாலும், ஆயில் குச்சியில் பால் காபி நிறம் தெரிந்தாலும் வண்டியை ஓட்டக் கூடாது. ஹெட் பேக்கிங் போனாலும் இதே அடையாளங்கள் வரக்கூடும். கூலரைக் கழற்றி, துளைகளை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்றழுத்தம் கொடுத்தால் உண்மை தெரியும். குமிழி வந்தால் புதுக் கூலர்தான் போட வேண்டும்.

பேஸ்ட் வைத்தியம்

சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளி சமயம். எங்களுக்கு எண்ணெய் டின்களும் மிளகாய் மூட்டைகளும் ஏற்றி வந்த வாடகை லாரியில் இந்த ஒழுகல் இருந்தது. புறப்படும் முன் ஒரு பட்டறையில் பழைய பேக்கிங்கையே வைத்து, மேலே சிலிக்கான் பேஸ்டை அப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியே ஒழுகல் நின்றது. உள்ளே பிதுங்கிய பேஸ்ட் துண்டு துண்டாக அறுந்து ஆயில் வழிகளை அடைத்துவிட்டது. பாடாலூர் அருகே என்ஜின் ஜாம். கழற்றிப் பார்த்தபோது பேரிங் உருகிக் கிராங்கைப் பிடித்திருந்தது. எங்கள் சரக்கு மூன்று நாள் தாமதமாக வந்தது. அதற்குள் எங்களிடம் சொல்லி வைத்திருந்த சில்லறைக் கடைக்காரர்கள் விருத்தாசலம் போய் வாங்கிவிட்டார்கள். அந்த லாரிக்காரருக்கு இருந்ததே அந்த ஒரு வண்டி. மூன்று மாதத் தவணை பாக்கி விழுந்தது. ஒரு பேக்கிங் செட்டின் விலை, ஒரு மூட்டைப் பருப்பின் விலையில் சிறு பங்குதான்!

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்

மெக்கானிக் வேலை நமக்குத் தெரிய வேண்டியதில்லை. எதைக் கேட்பது என்று தெரிந்தால் போதும்.

1. என்ஜின் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். தண்ணீரை முழுவதும் இறக்கிவிட்ட பின்பே கூலர் மூடியைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் ஆயில் துளைக்குள் இறங்கும்.

2. போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருக்காது. அட்டையில் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வைக்கச் சொல்லுங்கள்.

3. மூடியை ஸ்குரூ டிரைவரால் நெம்பக் கூடாது, அலுமினியம் கீறிவிடும். பழைய பேக்கிங்கை மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன சுரண்டியால் எடுக்க வேண்டும். உப்புத்தாள் சக்கரம் போட்டால் அந்தத் தூள் நேராகப் பேரிங்குக்குப் போகும்.

4. பேக்கிங்கும் ஓரிங்கும் புதியவையாக, அந்த என்ஜினுக்கே உரியவையாக இருக்கட்டும். ஓரிங்கில் சுத்தமான ஆயிலைத் தடவி வைக்க வேண்டும். புதுக் கூலர் என்றால், அதன் துளைகளை அடைத்து வந்த மூடிகளை எடுத்தார்களா என்று பாருங்கள்.

5. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில் டார்க் ஸ்பேனரால் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்க வேண்டும். "கை பழக்கம் போதும்" என்பது இங்கே செல்லாது.

6. ஸ்டார்ட் செய்ததும் சில வினாடிகளில் ஆயில் பிரஷர் ஏற வேண்டும். ஏறாவிட்டால் உடனே நிறுத்த வேண்டும். சூடு ஏறும் வரை ஓடவிட்டு, ஆறிய பின் ஆயிலையும் தண்ணீரையும் மறுபடி பார்த்து நிரப்ப வேண்டும். முதல் நடை போய் வந்ததும் இன்னொரு முறை பாருங்கள்.

ரேடியேட்டரில் வெறும் போர் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தையும் விட வேண்டும். உப்புப் படிந்து, துரு ஏறி, கூலர் தட்டையே அது அரிக்கும். கூலன்ட் செலவு வீண் செலவல்ல. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் இன்னொரு எச்சரிக்கை. ஒழுகுகிறதே என்று கிடைத்த ஆயிலை ஊற்றினால் புகை வடிகட்டி கெட்டுவிடும். கம்பெனி சொன்ன ரக ஆயிலையே ஊற்ற வேண்டும்.

வழியில் நின்றுவிட்டால்

வண்டி மாறினால் ஈ-வே பில்லின் 'பகுதி பி'யில் புது வண்டி எண்ணைப் பதிந்த பிறகே சரக்கை நகர்த்துங்கள். 2021 ஜனவரி முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் பில் செல்லும். விருதுநகரிலிருந்து நம்மூருக்கு 2 நாள்தான் கிடைக்கும். வண்டி பழுதாகிக் காலம் கடந்தால், முடியும் நேரத்துக்கு 8 மணி நேரம் முன்போ பின்போ டிரான்ஸ்போர்ட்டர் அதை நீட்டிக்கலாம். அதற்குமேல் விட்டால் வழியில் அதிகாரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கசிகிறது என்று டிரைவர் சொல்லும்போது அதைச் செலவுச் செய்தியாகக் கேட்காதீர்கள். சீசன் லோடு ஏற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே வண்டியின் அடியில் அட்டை ஒன்றை விரித்து இரவு முழுவதும் நிறுத்தச் சொல்லுங்கள். காலையில் அட்டையில் கறை இருந்தால், பட்டறைக்குப் போக இன்னும் ஆறு நாள் இருக்கிறது.