ஒரே கணக்கு, இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு விடை: கடைசி இலக்கத்தில் என்னதான் நடக்கிறது?

ஒரே புரோகிராம், ஒரே உள்ளீடு. ஆனால் இரண்டு கம்ப்யூட்டர்களில் இரண்டு விடைகள். "கணக்குன்னா கணக்குதானே, அது எப்படி மாறும்?" என்று கேட்கத் தோன்றும். இந்தச் சிக்கலை நேரடியாகச் சந்தித்தது, ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வு மையம்.

27 கி.மீ. சுற்றளவுள்ள அதன் துகள் முடுக்கியில், துகள்கள் பாதை தவறாமல் சுற்றுமா என்பதை முன்கூட்டியே கணிக்க வேண்டும். அதற்காக 2004-ல், பொதுமக்களின் வீட்டு கம்ப்யூட்டர்களைப் பயன்படுத்தும் திட்டம் ஒன்றை செர்ன் தொடங்கியது. ஒரு துகள் லட்சக்கணக்கான முறை சுற்றுவதை புரோகிராம் கணக்கிடும். விடையை நம்பலாமா என்று பார்க்க, ஒரே வேலை ஒன்றுக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களுக்குப் போகும்.

அங்கேதான் வினை. 16-வது இலக்கத்தில் வரும் சின்ன வித்தியாசம், சுற்றுக்குச் சுற்று பெருகி, கடைசியில் துகளின் பாதையையே மாற்றிவிடும். அப்படி மாறினால், எந்த கம்ப்யூட்டரின் விடையை நம்புவது?

கூட்டல் சரி, சைன் மட்டும் ஏன் மாறுது?

தசம எண்களை கம்ப்யூட்டர் எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு 1985-ல் ஐஇஇஇ 754 என்ற தரநிலை வந்தது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகிய ஐந்துக்கும், உண்மையான விடைக்கு மிக நெருக்கமான எண்ணையே தர வேண்டும் என்பது விதி. ஆனால் சைன், லாக், எக்ஸ்பொனென்ஷியல் போன்றவற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 2008-ல் வந்த திருத்தமும் பரிந்துரையோடு நின்றுவிட்டது.

அதனால் ஒவ்வொரு லைப்ரரியும் தன் வழியில் கணக்குப் போடுகிறது. பொதுவான வழி இதுதான்: பெரிய கோணத்தை முதலில் சின்னதாகச் சுருக்குவது, பிறகு முன்பே கணக்கிட்டு வைத்த அட்டவணையைப் பார்ப்பது, மீதியை சில பெருக்கல், கூட்டல்களால் சரிசெய்வது. அட்டவணை மாறினால் கடைசி இலக்கமும் மாறலாம்.

சிப்பிலேயே இருந்த பிழை

பைத்தானில் பை மதிப்புக்கு சைன் கேட்டுப் பாருங்கள். பூஜ்யம் வராது. தசமப் புள்ளிக்குப் பின் 15 பூஜ்யங்கள், அப்புறம் 122464... என்று வரும். "இது பக்" என்று பலர் நினைப்பார்கள். உண்மையில் அதுதான் சரியான விடை! கம்ப்யூட்டரில் உள்ள பை, முழுமையான பை அல்ல. அது குறையும் அளவைத்தான் சைன் காட்டுகிறது.

ஆனால் இன்டெல் சிப்பில் உள்ள சைன் கட்டளையிடம் இதே கேள்வியைக் கேட்டால் 122460... என்று வரும். முதல் ஐந்து இலக்கங்கள்தான் சரி. காரணம், கோணத்தைச் சுருக்க அது 66 பிட் நீளமுள்ள பை மதிப்பைத்தான் பயன்படுத்துகிறது. கடைசி இலக்கத்தைத் தாண்டிப் பிழை வராது என்றுதான் கையேடு சொல்லிவந்தது. 2014-ல் புரூஸ் டாசன் என்ற பொறியாளர் இதைச் சுட்டிக்காட்டியதும், இன்டெல் தன் கையேட்டைத் திருத்தியது.

துல்லியம் வேணும்னா வேகம் போகுமா?

உண்மை விடை இரண்டு எண்களுக்குச் சரிபாதியில் இருப்பதுபோல் வந்தால், மேலே ஏற்றுவதா, கீழே இறக்குவதா? இன்னும் சில இலக்கங்களைக் கணக்கிட்டால்தான் தெரியும். எத்தனை இலக்கங்கள் போதும் என்பது முன்கூட்டியே தெரியாது. கணித அறிஞர் வில்லியம் கஹான் இதற்கு 'அட்டவணை தயாரிப்பவரின் இக்கட்டு' என்று பெயர் வைத்தார்.

லினக்ஸில் பயன்படும் ஜிலிப்சி லைப்ரரி முன்பு இப்படி இழுபறி வந்தால், 768 பிட் வரை போய்க் கணக்கிட்டது. விடை துல்லியம்தான், ஆனால் சில அபூர்வ எண்கள் வந்தால் மட்டும் வேகம் பல மடங்கு விழுந்தது. 2018-ல் வந்த 2.28 பதிப்பில் சைன், காஸ், பவர் போன்றவற்றிலிருந்து இந்த மெதுவான வழியை நீக்கினார்கள். கடைசி இலக்கத்தில் மிகச் சிறிய பிழைக்கு இடம் கொடுத்து, வேகத்தை வாங்கினார்கள்.

இரண்டும் ஒன்றாகக் கிடைக்காதா? கிடைக்கும் என்கிறது பிரான்ஸின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் உருவான கோர்-மேத் திட்டம். எந்த எண்களில் இழுபறி வரும் என்று முன்பே தேடிக் கண்டுபிடித்துவிட்டால், தேவையான அளவுக்கு மட்டும் கணக்கிட்டால் போதும். 2025 ஜனவரியில் வந்த ஜிலிப்சி 2.41, 32 பிட் எண்களுக்கான பல ஃபங்ஷன்களை இந்தத் திட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டது.

செர்ன் சிக்கலுக்கும் தீர்வு இதே பாதையில்தான் வந்தது. பிரான்ஸின் லியோன் நகர ஆய்வாளர்கள் உருவாக்கிய, எப்போதும் சரியாக முழுமையாக்கும் லைப்ரரியைச் சேர்த்தார்கள். சரியான விடை ஒன்றே ஒன்றுதான் என்பதால், எந்த கம்ப்யூட்டரும் அதையே தர வேண்டியதாயிற்று.

கோடு எழுதுவோர் கவனிக்க

* தசம எண்கள் இரண்டும் சமமா என்று == குறியால் சோதிக்க வேண்டாம். பைத்தானில் இதற்கென்றே 'ஐஸ்குளோஸ்' இருக்கிறது.

* 1-உடன் மிகச் சிறிய எண்ணைக் கூட்டி லாக் எடுத்தால், அந்தச் சிறிய எண் காணாமலே போகலாம். 'லாக்1பி' ஃபங்ஷன் அதைக் காப்பாற்றும். அன்றாட வட்டிக் கணக்கு போடுவோருக்கு இது முக்கியம்.

* கம்பைலரின் 'ஃபாஸ்ட்-மேத்' வசதி வேகம் தரும். ஆனால் கணக்கின் வரிசையையே மாற்றிவிடலாம். கேமில் ஒரு பிக்சல் நகர்ந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். பொறியியல் கணக்கில் அப்படி விட முடியாது.

* ஜாவாவில் எல்லா கம்ப்யூட்டரிலும் ஒரே விடை வேண்டும் என்றால் 'ஸ்ட்ரிக்ட்மேத்' இருக்கிறது.

ஒருமுறை மட்டும் போடும் கணக்கில் 16-வது இலக்கம் பெரிய விஷயமில்லை. அதே விடையை மறுபடி மறுபடி உள்ளே கொடுத்து லட்சம் முறை சுற்றவிடும் புரோகிராம் என்றால், எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு என்று குறித்து வைத்துக்கொள்வது நல்லது.