மிளகுக்குள் பூட்டிய நைட்ரஜன்

கொல்லிமலையில் செம்மேட்டுப் பக்கமோ சோளக்காட்டுப் பக்கமோ போகிறவர்கள் தோட்டங்களைக் கவனித்திருப்பார்கள். சில்வர் ஓக் மரங்களின் உடம்பெல்லாம் மிளகுக்கொடி சுற்றியிருக்கும். அடியில் காப்பிச் செடி. தை, மாசி மாதங்களில் சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவக்கத் தொடங்கியதும் மூங்கில் ஏணியைச் சாத்திப் பறிக்க ஆரம்பிப்பார்கள். உதிர்த்த பச்சை மணிகளைக் களத்தில் பரப்பினால் நாலைந்து நாள் வெயிலில் கறுத்துச் சுருங்கிவிடும். தோலில் இருக்கும் பீனால் பொருட்களோடு நொதிகளும் ஆக்சிஜனும் சேர்ந்து செய்யும் வேலை அந்தக் கறுப்பு. அதற்கும் நாக்கு உறைப்பதற்கும் சம்பந்தம் இல்லை. உறைப்பு பைபெரின் என்ற இளமஞ்சள் பொருளிலிருந்து வருகிறது. பிளஸ் டூ வேதியியலில் பலரும் மனப்பாடம் செய்து தாண்டிப் போகும் அமீன்கள் என்ற பாடத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அம்மோனியாவில் ஒரு நைட்ரஜனோடு மூன்று ஹைட்ரஜன்கள் இணைந்திருக்கின்றன. ஒன்றை எடுத்துவிட்டு அங்கே கார்பன் தொகுதி ஒன்றை வைத்தால் ஓரிணைய அமீன்; இரண்டை மாற்றினால் ஈரிணையம், மூன்றையும் மாற்றினால் மூவிணையம். பாரிஸில் வேதியியலாளர் வூர்ட்ஸ் 1849இல் இவ்வகை எளிய அமீன்களைத் தயாரித்தார். அடுத்த ஆண்டே லண்டனில் ஹோஃப்மன் இந்தக் குடும்பத்தை ஒழுங்குபடுத்திக் காட்டினார். எந்த வகையானாலும் நைட்ரஜனிடம் பிணைப்பில் ஈடுபடாத இரண்டு எலக்ட்ரான்கள் மிச்சம் இருக்கும். அமீன்கள் நாறுவது, அமிலத்தைப் பிடிப்பது, சாயமாவது, மருந்தாவது எல்லாமே அந்த இரண்டு எலக்ட்ரான்கள் என்ன நிலையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது.

மிளகில் அவை கட்டுண்டு கிடக்கின்றன. டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள உறவைக் கண்ட அதே ஓர்ஸ்டெட்தான், 1819இல் மிளகிலிருந்து பைபெரினைப் பிரித்தார். இன்று கல்லூரி ஆய்வகங்களில் மாணவர்கள் அதைச் செய்கிறார்கள். மிளகுத்தூளை எத்தனாலில் கொதிக்கவைத்து வடிகட்டி, சாற்றைச் சுண்டவைக்க வேண்டும். ஆல்கஹாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடைக் கொஞ்சம் சேர்த்தால் பிசின் அமிலங்கள் பிரிந்துவிடும். தெளிந்த கரைசலில் தண்ணீரைத் துளித்துளியாக விட்டு அசையாமல் வைத்தால் முதலில் கலங்கும், பிறகு ஊசி ஊசியாகப் படிகங்கள் வளரும். 130 டிகிரிக்குப் பக்கத்தில் உருகும். முகர்ந்தால் வாசனை ஏதும் இல்லை. ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளைக் காட்டினாலும் நிறம் மாறாது. உள்ளே நைட்ரஜன் இருப்பதற்கான அடையாளமே தெரியாது.

அந்தப் படிகங்களை அடர்த்தியான ஆல்கஹாலிக் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் மூலக்கூறு இரண்டாகப் பிளக்கும். பைபெரிக் அமிலத்தின் பொட்டாசியம் உப்பு ஒரு பாதி. மற்ற பாதி ஆவியாகி வெளியே வரும்போது மூக்கைத் துளைக்கும்: அம்மோனியாவும் மீனும் மிளகும் கலந்தது போன்ற நெடி. இப்போது லிட்மஸ் தாள் உடனே நீலமாகும். ஐந்து கார்பன்களும் ஒரு நைட்ரஜனும் வளையமாகச் சேர்ந்த இந்த ஈரிணைய அமீனின் பெயர் பைபெரிடின். தீப்பிடிக்கும், தோலைப் பொசுக்கும், நச்சும்கூட. ஆய்வகத்துக்கு வெளியே யாரும் முயலக்கூடாத வேலை இது.

பிளப்பதற்கு முன் அது சாதுவாக இருந்ததற்குக் காரணம், நைட்ரஜனை அடுத்து ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் இருக்கும் ஒரு கார்பன். நைட்ரஜனின் இரண்டு எலக்ட்ரான்களையும் அது தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. மாட்டுக்குத் தும்பு போட்டது போலத்தான்: வலு அப்படியே இருக்கிறது, நடமாட்டம் இல்லை. இந்த அமைப்பை அமைடு என்கிறோம். ஆக, பைபெரின் அமீன் அல்ல. அமீனிலிருந்து பிறந்த அமைடு.

கொடி அதை உருவாக்கும் பாதை எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பூட்டுகிறது. லைசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கழற்றினால் கடாவரின் கிடைக்கும். பிணங்கள் அழுகும்போது எழும் நாற்றத்துக்குப் பொறுப்பான அமீன்களில் ஒன்று அது. மிளகுக்கொடி அதே கடாவரினைத் தனக்குள் செய்து, வளையமாக மடக்கி, பைபெரிடின் ஆக்கி, பைபெரிக் அமிலத்தோடு கோத்துவிடுகிறது. கோக்கும் நொதியை ஜெர்மனியின் ஹாலே நகர ஆய்வாளர்கள் 2021இல்தான் அடையாளம் கண்டார்கள்.

கட்டவிழ்ந்த அமீனின் குணங்களுக்கு வருவோம். முதலில் கொதிநிலை. புரொப்பைல் அமீனும் டிரைமெத்தில் அமீனும் ஒரே அணுக்களால், ஒரே எண்ணிக்கையில் ஆனவை. முன்னது 48 டிகிரி அளவில் கொதிக்கும். பின்னது 3 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். மூவிணைய அமீனான டிரைமெத்தில் அமீனில் நைட்ரஜன் மேல் ஹைட்ரஜன் எதுவும் இல்லாததால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்ள முடியாது. நாள்பட்ட கடல்மீனின் வீச்சம் இந்த ஆவிதான். புளியோ எலுமிச்சையோ சேர்த்தால் வீச்சம் அடங்குவதை எல்லாச் சமையலறைகளும் அறியும். அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி போய் அந்த இரண்டு எலக்ட்ரான்களில் ஒட்டிக்கொள்ள, அமீன் உப்பாக மாறுகிறது. உப்பு ஆவியாகாது, எனவே மூக்கை எட்டாது.

மருந்துத் தொழிலுக்கு இதே வினை உயிர்நாடி. பைபெரிடின் வளையம் கொண்ட மருந்துகள் ஏராளம். வயிற்றுப்போக்குக்குத் தரும் லோபெரமைடு, மறதி நோய்க்குத் தரும் டோனெபெசில் இரண்டிலும் அது உண்டு. அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பெயருக்குப் பின்னால் ஹைட்ரோகுளோரைடு என்றிருக்கும். தண்ணீரில் எளிதில் கரையாத அமீனை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சேர்த்து, கரைதிறன் கூடிய, கெடாமல் நிற்கும் உப்பாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

காரத்தன்மை எல்லா அமீனுக்கும் ஒரே அளவு அல்ல. பைபெரிடின் அம்மோனியாவைவிட எழுபது மடங்கு வலிய காரம். அனிலின் என்ற அமீனோடு ஒப்பிட்டால் வித்தியாசம் முப்பது லட்சம் மடங்கு. அனிலினில் நைட்ரஜனின் எலக்ட்ரான்கள் பக்கத்து பென்சீன் வளையத்துக்குள் பரவிப் போவதால் அமிலத்துக்குக் கிடைப்பது குறைவு. ஆனால் அனிலின் வேறு வகையில் உலகத்தையே மாற்றியது. குளிர்ந்த நிலையில் நைட்ரஸ் அமிலத்தைச் சேர்த்தால் அது டைஅசோனியம் உப்பாகும் என்று வேதியியலாளர் கிரீஸ் 1858இல் கண்டார். அசோ சாயங்கள் அத்தனைக்கும் அங்கேதான் தொடக்கம். அந்தச் சாயங்களில் சில உடைந்து, புற்றுநோய் தரும் அமீன்களை வெளிவிடுகின்றன என்று தெரிந்ததும் 1990களில் ஜெர்மனியும் பிறகு இந்தியாவும் தடை கொண்டுவந்தன. ஈரிணைய அமீனோ நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்தால் நைட்ரோசமீன் ஆகும். பைபெரிடினிலிருந்து வரும் நைட்ரோசோபைபெரிடினும் விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்குவதுதான். இறைச்சியைப் பதப்படுத்தும் நைட்ரைட்டையும் மசாலாவையும் முன்கூட்டியே கலந்து வைக்கக் கூடாது என்பதற்கு வேதியியல் காரணம் இதுதான்.

இன்னொரு வினை. ஆல்டிஹைடோடு பைபெரிடினைச் சேர்த்தால் தண்ணீர் மூலக்கூறு ஒன்று கழன்று, ஆல்டிஹைடின் கார்பன் வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாகிறது. வேலை முடிந்ததும் அமீன் பிரிந்து வந்து அடுத்த மூலக்கூறைப் பிடிக்கும், தான் செலவாகாமல். கினோவெனாகல் 1890களில் இதை வைத்துக் கார்பன்களை இணைத்தார். நூறாண்டு கழித்து, 2000இல், வேதியியலாளர் லிஸ்ட், புரோலின் என்ற வளைய அமீனையும் மேக்மிலன் தாம் வடிவமைத்த இன்னொரு வளைய அமீனையும் வினையூக்கியாக்கி, மருந்துகளுக்கு வேண்டிய இடக்கை, வலக்கை வடிவங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்து செய்யலாம் என்று காட்டினார்கள். 2021 வேதியியல் நோபல் பரிசு அதற்குத்தான். அதே ஆண்டு மருத்துவ நோபலின் ஒரு பங்கு டேவிட் ஜூலியஸுக்குப் போனது. சூட்டையும் மிளகாயின் எரிவையும் உணரும் நரம்பு ஏற்பியை அவர் கண்டறிந்திருந்தார். பைபெரின் நாக்கில் தட்டுவதும் அதே கதவைத்தான்.

பைபெரின் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு. லிட்டருக்கு 40 மில்லிகிராம் அளவுதான். கொழுப்பில் நன்றாகக் கரையும். வெண்பொங்கலுக்கு மிளகை நெய்யில் பொரிப்பது சரியான வேதியியல். உடலுக்குள் போனால் கல்லீரலும் குடலும் அந்நியப் பொருட்களைச் சிதைத்து வெளியேற்றும் வேகத்தை அது குறைக்கிறது. பெங்களூரு ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட சோதனையில், மஞ்சளில் உள்ள குர்குமின் 2 கிராமோடு 20 மில்லிகிராம் பைபெரின் கொடுத்தபோது இரத்தத்தில் குர்குமின் பல மடங்கு கூடியது. ஜம்முவில் உள்ள சிஎஸ்ஐஆர் ஆய்வகம் இதைக் காசநோய் மருந்துக்குப் பயன்படுத்தியது. ரிஃபாம்பிசினோடு 10 மில்லிகிராம் பைபெரின் சேர்த்து, 450 மில்லிகிராமாக இருந்த அளவை 200 ஆகக் குறைத்தார்கள். இதே காரணத்தால், தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பைபெரின் கேப்சூல்களை மருத்துவரைக் கேட்காமல் விழுங்கக் கூடாது. ரசத்தில் போடும் மிளகு அந்த அளவுக்கு வராது.

இன்று சந்தைக்கு வரும் பைபெரிடின் மிளகிலிருந்து வருவதில்லை. பிரிடினில் ஹைட்ரஜன் ஏற்றித் தொழிற்சாலையில் செய்கிறார்கள். பைபெரினுக்கு இன்னும் மிளகுதான் முக்கிய மூலம். இங்கேதான் கொல்லிமலை விவசாயிக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. மிளகு வியாபாரத்தில் லிட்டர் எடை பார்ப்பார்கள். ஒரு லிட்டர் படியில் 500, 550 கிராம் நின்றால் நல்ல மிளகு, எடை குறைந்த பொக்கு மணிக்கு விலை இறங்கும். ஆனால் மாவுச்சத்து ஏறுவதற்கு முன் பறித்ததால் எடை குறைந்த இளமணியில் பைபெரினின் விகிதம் அதிகம். சாறு எடுக்கும் ஆலைகள் விரும்பி வாங்குவது அதைத்தான். எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது பெரிய வித்தையும் அல்ல. தூளை ஆல்கஹாலில் ஊறவைத்து வடிகட்டி, 343 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரை எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்தால் போதும். வெளிச்சம் பட்டால் பைபெரின் உறைப்புக் குறைந்த வடிவத்துக்கு மாறிவிடும் என்பதால் சாற்றைப் பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் வைக்க வேண்டும். நிறமாலைமானி உள்ள எந்தக் கல்லூரியிலும் இதைச் செய்யலாம். மலையில் விளைகிற மிளகுக்கு லிட்டர் எடையோடு பைபெரின் அளவையும் எழுதிக் கொடுக்க ஒரு வேதியியல் துறை முன்வந்தால், பொக்கு என்று ஒதுக்கும் மூட்டைக்கும் விலை பேச விவசாயிக்கு ஓர் எண் கையில் இருக்கும்.