மருந்து வாங்கும் முன் மூச்சுக்குழலைப் பார்க்கச் சொல்லுங்கள்

கோழி கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தால் நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரே முடிவு: சளி. மெடிக்கலில் மனிதருக்கான ஆன்டிபயாடிக் கேப்சூலை வாங்கிப் பிரித்துத் தண்ணீரில் கலக்கிவிடுகிறார்கள். பிறகு கொடாப்புக்குள் குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன.

செத்த குஞ்சின் மூச்சுக்குழலை நீளவாக்கில் வெட்டினால், சில சமயம் சிவப்புப் புழுக்கள் கவட்டை வடிவில் ஒட்டியிருக்கும். பெண் புழு சுமார் இரண்டு சென்டிமீட்டர். அரை சென்டிமீட்டர் ஆண் அதை விட்டுப் பிரிவதே இல்லை. இதற்கு ஆன்டிபயாடிக் பயன்படாது.

கோழி இருமி விழுங்கும் புழு முட்டைகள் எச்சத்தோடு மண்ணுக்குப் போகும். மண்புழுவும் நத்தையும் அவற்றைத் தின்னும். அந்த மண்புழுவை எருக்குழியில் கிளறித் தின்ற குஞ்சுக்கு நோய். மண்புழுவுக்குள் அந்த முட்டையின் இளம்புழு ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். மண்ணையே மிதிக்காத கூண்டு முட்டைக்கோழிக்கு இது அரிது. அதனாலேயே முட்டைக்குப் பெயர்போன நாமக்கல் மாவட்டத்தில் புறக்கடைக் கோழியின் மூச்சுத்திணறலை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஏழை வீட்டுக் கோழி என்றால் அவ்வளவு இளக்காரமா?

செய்ய வேண்டியது இதுதான். தவிக்கும் கோழியையும் புதிய எச்சத்தையும் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய், "எச்சத்தில் புழு முட்டை இருக்கிறதா பாருங்கள்" என்று கேளுங்கள். செத்திருந்தால் இரண்டு பாலித்தீன் பையில் கட்டி, ஐஸ் வைத்து, அன்றைக்கே நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். எத்தனை கோழி, என்ன வயது, எப்போது தொடங்கியது, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முடிவை எழுத்தில் வாங்குங்கள். புழுநீக்க மருந்து எடைக்கேற்ப டாக்டர் சொல்லும் அளவில் மட்டும். எத்தனை நாள் முட்டையும் கறியும் சாப்பிடக் கூடாது என்பதையும் கேளுங்கள்.

கூட்டமாகச் செத்தால் நீங்களே அறுக்காதீர்கள். வெள்ளைக்கழிச்சலாகவோ பறவைக் காய்ச்சலாகவோ இருக்கலாம். 2009ஆம் ஆண்டு விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அவற்றை அதிகாரிகளுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். திரும்பச் சொல்கிறேன், அறுக்காதீர்கள், வாய்க்காலிலும் வீசாதீர்கள்.

மருந்தகத்தில் "கோழிக்கெல்லாம் பார்க்க முடியாது" என்றால் சும்மா திரும்ப வேண்டாம். நாமக்கல் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கால்நடை பராமரிப்புத் துறை மண்டல இணை இயக்குநர் பெயருக்கு மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும்.