தவளைக்கு வைத்தியம்

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் பின்தொடைகளின் உட்புறத்திலும் அதற்கு மெல்லிய தோல் உண்டு. அதை ஈரத்தில் பதித்து உட்கார்ந்தால் தண்ணீர் தானாக உள்ளே போகும். மூச்சிலும் கணிசமான பங்கு தோல் வழியேதான். தவளைக்கு எப்படி மருந்து கொடுப்பது, எப்படித் தூக்குவது, பஸ்ஸில் எப்படிக் கொண்டுபோவது என்று மிருக வைத்தியர்கள் சொல்வதெல்லாம் இந்தத் தோலைச் சுற்றியே வரும்.

அவிசாவளையைத் தாண்டி, களனிப் பள்ளத்தாக்கின் மழை நாட்டில் இருக்கிறது தெஹியோவிட்ட. சுற்றிலும் ரப்பர் மலை, இடையிடையே தேயிலை. இங்கே தவளையைத் தேடிப் போகத் தேவையில்லை, அதுவே வீட்டுக்கு வரும். லயத்துக் குளியலறைச் சுவரிலும் தண்ணீர்ப் பீப்பாயின் விளிம்பிலும் இரவில் ஒட்டிக்கொண்டிருக்கும் மரத்தவளையை எல்லோரும் பார்த்திருப்போம். முதுகில் உடுக்கை போல ஒரு கறுத்த தடம் இருந்தால் அது பொலிபெடேட்டஸ் குருசிகர். உலகத்தில் இலங்கையை விட்டால் வேறெங்கும் கிடையாது. தண்ணீருக்கு மேலே கிளையிலோ சுவரிலோ வெள்ளை நுரைக் கூடு கட்டி முட்டையிடும். பொரிந்த தலைப்பிரட்டைகள் நுரையிலிருந்து நழுவிக் கீழே தண்ணீரில் விழும். பீப்பாய்க்கு மேலே அந்த நுரையைக் கண்டதும் தும்புத்தடியால் தட்டி விடுகிறவர்கள்தான் அதிகம்.

சட்டத்தையும் முதலிலேயே சொல்லிவிடுவோம். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 2009இல் திருத்தி இறுக்கப்பட்டது. நம் நாட்டுக் காட்டுத் தவளையைப் பிடித்துப் போத்தலில் போட்டு வளர்ப்பதோ வெளிநாட்டுக்கு அனுப்புவதோ விளையாட்டுக் காரியமல்ல. ஆகவே இங்கே ‘வளர்ப்பு ஈரூடகவாழி’ என்றால் பெரும்பாலும் வெளிநாட்டு இனம்தான். மீன்தொட்டி ஆர்வலர்களிடம் இருக்கும் அக்சலோட்டல் அவற்றில் ஒன்று. மெக்சிக்கோவின் சோச்சிமில்கோ நீர்நிலைகளைச் சேர்ந்த இந்த உயிர் வளர்ந்த பிறகும் செவுளோடு தண்ணீரிலேயே வாழும். 1864இல் 34 அக்சலோட்டல்கள் கப்பலில் பாரிசுக்குப் போயின. அவற்றில் ஆறு ஒகுஸ்த் துமேரில் என்ற விலங்கியலாளரின் கைக்கு வந்தன. இன்று உலகத்து ஆய்வுகூடங்களிலும் வீட்டுத் தொட்டிகளிலும் பெருகிக் கிடப்பவற்றில் பெரும்பங்கு அந்தக் கூட்டத்தின் வழித்தோன்றல்களே. சோச்சிமில்கோவில் மிஞ்சியிருப்பவையோ அழிவின் விளிம்பில்.

வளர்க்காவிட்டாலும் அடிபட்ட தவளை நம் கைக்கு வரும். புல்வெட்டும் இயந்திரத்தில் கால் அறுந்தது, பூனை கடித்தது, கிருமிநாசினி வாளிக்குள் விழுந்தது என்று எத்தனையோ. இரக்கப்பட்டுச் சட்டென்று தூக்குகிறோமே, பெரும்பாலும் அந்தக் கையில்தான் வினை இருக்கிறது.

ஈர மலையில் வேலை செய்கிறவர்கள் அட்டைக்காகக் காலில் சவர்க்காரம் தேய்ப்பார்கள், உப்புப் பொட்டலமும் கையோடு வைத்திருப்பார்கள். அட்டையைச் சுருட்டி விழவைக்கும் அதே உப்பு தவளையின் தோல் வழியே உடம்பின் நீரை வெளியே இழுத்துவிடும். சவர்க்காரம், சித்தாலேப, நுளம்புக்குப் பூசும் களிம்பு, கொழுந்துக்கு அடித்த மருந்தின் மிச்சம், எது கையில் இருந்தாலும் தோலுக்குள் இறங்கிவிடும். மருத்துவர்கள் பவுடர் இல்லாத கையுறை போட்டு, அதையும் சுத்தமான தண்ணீரில் கழுவி, ஈரத்தோடுதான் தவளையைத் தொடுகிறார்கள். உலர்ந்த கை அதன் மேலிருக்கும் வழவழப்பை உரித்துவிடும். கிருமிகளுக்கு எதிரான முதல் அரண் அந்த வழவழப்புத்தான். கையுறை இல்லையென்றால் பீலித் தண்ணீரில் இரண்டு கையையும் நன்றாகக் கழுவி, ஈரம் துடைக்காமல் தூக்கலாம். தேரையைத் தொட்டால் மரு வரும் என்பது வெறும் பேச்சு. ஆனால் அதன் கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பியில் நஞ்சு உண்டு என்பது உண்மை. தொட்ட கையைக் கண்ணில் வைக்கக் கூடாது.

தூக்கியதும் தவளை சிறுநீர் கழிக்கும். அருவருத்து உதறிவிடாதீர்கள். அதன் சிறுநீர்ப்பையில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரே. வெயில் காலத்துக்கென்று சேர்த்து வைத்து, வேண்டும்போது திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். பயத்தில் அது போய்விட்டால் அந்தச் சேமிப்பும் போயிற்று. ஆகவே பிடித்த தவளைக்கு உணவு தேடி ஓடுவதைவிட, உடம்பின் கால்வாசி நனையும் அளவுக்குச் சுத்தமான தண்ணீரில் சற்று உட்கார வைப்பதுதான் முதலுதவி. நகரத்துக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது தவளைக்கு ஆகாது. திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்தாலோ, மீன்தொட்டிக் கடையில் விற்கும் குளோரின் நீக்கியைச் சில துளி விட்டாலோ சரியாகும். இந்த விஷயத்தில் கொழும்புக்காரரைவிடத் தோட்டத்து மக்கள் கொடுத்து வைத்தவர்கள், ஊற்றுத் தண்ணீர் அப்படியே உதவும். மேலே மலையில் அன்று களைக்கொல்லி அடிக்கவில்லையா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

களைக்கொல்லி என்றதும் பேராதனை ஆய்வு ஒன்று நினைவுக்கு வருகிறது. உடுக்கைத் தடம் கொண்ட அதே மரத்தவளையின் தலைப்பிரட்டைகளைப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு விதமாகச் சோதித்தார்கள். ஒரு ஒட்டுண்ணிப் புழுவின் குடம்பிகளோடு சிலவற்றை விட்டார்கள். இன்னும் சிலவற்றைக் கிளைபோசேட், குளோர்பைரிபோஸ் முதலிய விவசாய இரசாயனங்கள் கலந்த நீரில் வளர்த்தார்கள். இரண்டு பக்கமும் கோணல் முதுகு முதலிய ஊனங்கள் தென்பட்டன. 2010இல் வெளியான இந்த ஆய்வுக்குப் பிறகு, 2015இல் அரசாங்கம் கிளைபோசேட்டைத் தடைசெய்தது. காரணம் தவளையல்ல, மனிதரின் சிறுநீரக நோய் பற்றிய அச்சம். 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் அந்தத் தடை தளர்ந்தது. அதாவது நம் மலைகளுக்கு.

மருத்துவரிடம் போனால் என்ன நடக்கும்? கழுத்தைப் பிடித்து வாயைத் திறந்து மாத்திரை திணிக்கும் வேலை பெரும்பாலும் இல்லை. மருந்தைக் கரைத்து முதுகில் சொட்டு விட்டாலே இரத்தத்தில் சேர்ந்துவிடும். மயக்கமும் அப்படித்தான். ட்ரைக்கெய்ன் என்ற தூளைத் தண்ணீரில் கரைத்து, அதன் புளிப்பைச் சமையல் சோடாவால் முறித்து, அதில் தவளையை வைக்கிறார்கள். சில நிமிடத்தில் அது துவளும். கத்தி வேலை முடிந்ததும் சுத்தமான நீரில் அலசினால் தெளிந்து எழும். மூக்கு முங்காமல் பார்த்துக்கொள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இதயத் துடிப்பைக் கேட்க ஸ்டெதஸ்கோப் அவ்வளவாக உதவாது, டொப்ளர் கருவியை மார்பில் வைப்பார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பின்வழிக் குடல் வெளியே தள்ளி வீங்கியிருக்கும் தவளைக்குச் செறிவான சீனிக் கரைசலை அதன்மேல் விடுவார்கள். சீனி நீரை இழுக்க வீக்கம் வற்றும், பிறகு குடலை மெல்ல உள்ளே தள்ளலாம். விலையுயர்ந்த மருந்துகளுக்கு நடுவே சீனி இப்படி வேலை செய்வது எனக்கு எப்போதும் பிடிக்கும்.

வளர்ப்புத் தவளைகளுக்கு வரும் நோய்களில் பல தீனியால் வருபவை. ஒரே வகைப் பூச்சியை நாள்தோறும் போட்டால் கல்சியம் குறைந்து எலும்பு வளையும். விற்றமின் ஏ குறைந்தால் நாக்கின் ஒட்டும் தன்மை போய்விடும். இரை கண்முன்னே இருக்கும், தவளை பாயும், நாக்கு படும், இரை ஒட்டாது. பசியில்லை என்று உரிமையாளர் நினைத்துக்கொண்டிருப்பார். தொடையின் உட்புறம் சிவந்து இரத்தம் கசிவது வேறு சங்கதி. அழுக்குத் தண்ணீரில் பெருகும் பக்டீரியா இரத்தத்தில் ஏறியதன் அடையாளம் அது. அதற்கு ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

தெஹியோவிட்டயிலிருந்து எங்கே கொண்டுபோவது? அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு மாடும் ஆடும் கோழியுமே முதல் வேலை. தவளையை நீட்டினால் சிரிப்பார்களோ என்ற கூச்சம் வேண்டாம், அடுத்து யாரிடம் போவதென்று அங்கே சொல்வார்கள். காட்டு உயிரென்றால் 1992 என்ற வனஜீவராசிகள் திணைக்களத்தின் இலக்கத்துக்கு அழைப்பதே முறை. வளர்ப்பு உயிரென்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா மருத்துவமனை இருக்கிறது. நாட்டில் மிருக வைத்தியப் பட்டம் தரும் பீடமும் அங்கேதான். கேகாலை, கடுகண்ணாவை வழியே பஸ்ஸில் அரை நாள் பயணம். தவளை செத்துப்போக அது தாராளமாகப் போதும்.

பயணத்துக்கு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா நல்லது. மூடியில் காற்றுத் துளைகளை உள்ளிருந்து வெளியே குத்த வேண்டும். வெளியிலிருந்து குத்தினால் பிசிறு உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும், துள்ளும் தவளையின் மூக்கைக் கிழிக்கும். அடியில் சாயமோ வாசனையோ இல்லாத டிஷ்யூ தாளையோ துணியையோ நனைத்துப் பிழிந்து விரிக்கலாம். தண்ணீரை ஊற்றி வைக்கக் கூடாது. தவளைக்கு நீந்தத் தெரியாதா என்பார்கள். வளைவுகளில் பஸ் குலுங்க, களைத்த தவளை இரண்டு அங்குலத் தண்ணீரிலும் மூழ்கிச் சாகும். ஒரு டப்பாவுக்கு ஒன்றுதான். பெரியது சின்னதைத் தின்னும், தின்னாவிட்டாலும் ஒன்றின் தோல் நஞ்சு மற்றதைக் கொல்லலாம். புறப்படுவதற்கு ஒரு நாள் முன்பே தீனியை நிறுத்திவிட வேண்டும். வழியில் வாந்தியும் கழிவும் சேர்ந்தால் அந்த ஈரத்தில் அமோனியா ஊறும், அதையும் தோல்தான் குடிக்கும்.

சூடு அடுத்த எதிரி. அவிசாவளையில் நடுப்பகலில் நிறுத்திய வேனுக்குள் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால் கதை முடிந்தது. டப்பாவை ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து விடியற்காலையில் புறப்படுவது உத்தமம். குளிர்ச்சிக்கு வைக்கும் ஐஸ் பொதியைத் துணியில் சுற்றி, டப்பாவைத் தொடாதபடி ஓரமாக வைக்க வேண்டும். அக்சலோட்டலுக்கு இது இன்னும் கட்டாயம். அது 16 முதல் 18 பாகை செல்சியஸ் குளிர் நீரில் சுகமாக இருக்கும், 24ஐத் தாண்டினால் தளர்ந்துவிடும். மீன் வாங்கும்போது தருவது போன்ற பையில் மூன்றிலொரு பங்கு தண்ணீரும் மிச்சம் காற்றுமாகக் கட்டி, பெட்டியில் படுக்க வைத்து, இருட்டில் கொண்டுபோகலாம். வழிநெடுகத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். ஒவ்வொரு திறப்பும் ஒரு துள்ளல், ஒரு சிறுநீர்.

இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு வாஷிங்டன் தேசிய விலங்குத் தோட்டக் கதையைச் சொல்ல வேண்டும். அங்கே வளர்த்த நச்சுத் தவளைகள் காரணம் தெரியாமல் செத்தன. தோலை நுண்ணோக்கியில் பார்த்தபோது ஒரு பூஞ்சை கண்ணில் பட்டது. 1999இல் அதற்குப் பெயரிட்டார்கள், சுருக்கமாக கைட்ரிட் என்கிறார்கள். அது தோலைத் தடிக்கச் செய்து உப்புச் சமநிலையைக் குலைக்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். 2019இல் வந்த கணக்குப்படி குறைந்தது 501 ஈரூடகவாழி இனங்கள் இதனால் சரிந்தன, 90 இனங்கள் அற்றே போனதாகக் கருதப்படுகிறது. அவுஸ்திரேலியாவும் மத்திய, தென் அமெரிக்காவும்தான் அதிகம் இழந்தன. பூஞ்சையின் பிறப்பிடமாக மரபணுத் தடயம் கிழக்காசியாவைக் காட்டுகிறது. உலகெங்கும் பரப்பியது ஈரூடகவாழி வணிகம், அதாவது பெட்டியும் தண்ணீரும் தவளையும் சேர்ந்த பயணம். தனித் தவளையை மருந்துக் குளியலால் காப்பாற்றலாம், இற்றக்கொனசோல் கரைசலில் தினமும் சில நிமிடம் வைப்பது வழக்கம். காட்டையே குளிப்பாட்ட முடியாது.

நமக்கு இழக்க நிறைய இருக்கிறது. 2002இல் மாதவ மீகஸ்கும்புர, ரொஹான் பெதியாகொட முதலிய ஆய்வாளர்கள் ‘சயன்ஸ்’ இதழில் இலங்கையை ஈரூடகவாழிகளின் செழிப்பு மையமாக எழுதினார்கள். நம் புதர்த் தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டைக்குள்ளிருந்தே விரல் நகமளவுத் தவளை வெளிவரும். ஒரு மலையிலிருக்கும் இனம் அடுத்த மலையில் இல்லாமலிருப்பதும் உண்டு. பதினைந்துக்கும் மேற்பட்ட இனங்கள் ஏற்கெனவே அற்றுப்போனதாகப் பதிவாகியுள்ளன. 1853இல் கெலார்ட் என்ற ஆய்வாளர் விவரித்துவிட்டுப் போன ஒரு இனமோ ஒன்றரை நூற்றாண்டு கழித்துச் சிவனொளிபாதமலைக் காட்டில் திரும்பக் கண்ணில் பட்டது. அந்தக் காடு நம் தெரணியகலைப் பக்கம் வரை நீள்கிறது.

ஆகவே குணமான தவளையைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். நல்ல ஓடை என்று நினைத்து வேறு மலைக்குக் கொண்டுபோவது உபகாரமல்ல. அடுத்த நாட்டுக்குத் தவறிப் போவதும் ஆபத்துத்தான். நம் வீட்டு வாசலில் நுளம்பு பிடித்துத் திரியும் அதே சாதாரணத் தேரை 2014இல் மடகஸ்காரின் துறைமுக நகரமொன்றின் பக்கம் காணப்பட்டது. அங்கே அதன் நஞ்சுக்குப் பழகாத பாம்புகளுக்கு இப்போது அது ஒரு தலைவலி. வெளிநாட்டுத் தவளையோ அக்சலோட்டலோ வைத்திருப்பவர் சலித்துப்போனாலும் அதைக் களனியில் விடக் கூடாது. தொட்டித் தண்ணீரையும் ஓடையில் கொட்டாமல் ப்ளீச் கலந்து நேரம் கழித்து மலசலகூடத்தில் ஊற்றிவிடலாம். பயணத்தில் விரித்த தாளை எரித்துவிட்டு, டப்பாவைக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்தால் கைட்ரிட் தாங்காது.