வாழைமர நோட்டு

மைசூரில் ரூபாய் நோட்டு அச்சடிக்கும் ஆலை ஒன்று உள்ளது. இந்திய ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனம் அதை நடத்துகிறது. 1996இல் அங்கே அச்சு வேலை தொடங்கியது.

அச்சு இயந்திரம் இருந்தால் மட்டும் போதுமா? யார் அச்சடித்தாலும் அது பணம் ஆகிவிடுமா? மலேயாவில் தமிழர்கள் பட்ட பாடு இதற்குப் பதில் சொல்லும்.

தமிழ்நாட்டிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் மலேயாவுக்குப் பிழைக்கப் போனார்கள். ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டினார்கள். அப்போது இரண்டாம் உலகப்போர் வந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் ஜப்பான் படையிடம் வீழ்ந்தது. மலேயா முழுவதும் ஜப்பான் ராணுவத்தின் கைக்குப் போனது.

ராணுவம் புதிய நோட்டுகளை வெளியிட்டது. பத்து வெள்ளி நோட்டில் வாழைமரப் படம் இருந்தது. வெள்ளி என்பது அங்கே டாலருக்குப் பெயர். மக்கள் அதை வாழைமர நோட்டு என்று அழைத்தார்கள். கூலியும் அதில்தான். கடையில் அரிசி வாங்குவதும் அதில்தான்.

பணம் தேவைப்பட்டபோதெல்லாம் ராணுவம் நோட்டு அடித்தது. பல நோட்டுகளில் வரிசை எண்கூட இல்லை. எத்தனை நோட்டு வந்தது என்று யாருக்குத் தெரியும்? பணம் பெருகியது. போரினால் வெளிநாட்டு அரிசி வரவில்லை. சரக்கு குறைந்தது. விலை பல நூறு மடங்கு ஏறியது. முதலில் பத்து வெள்ளிதான் பெரிய நோட்டு. 1945இல் ஆயிரம் வெள்ளி நோட்டே வந்துவிட்டது!

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பரில் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் வந்தது. வாழைமர நோட்டு செல்லாது என்று அறிவித்தது. மாற்றுப் பணமும் தரவில்லை. மூன்றரை ஆண்டு உழைத்துச் சேர்த்த பணம் வெறும் காகிதம் ஆனது. பிரிட்டிஷ் மன்னர் படம் போட்ட நோட்டுகள் மீண்டும் புழக்கத்துக்கு வந்தன. கையில் அந்த நோட்டு இல்லாத ஏழைகள் வெறுங்கையோடு நின்றார்கள்.

இரண்டு நோட்டுமே காகிதம்தான். வேறுபாடு எங்கே? நோட்டுக்குப் பொறுப்பேற்க ஒருவர் வேண்டும். அளவோடு அச்சடிக்கச் சட்டம் வேண்டும்.

உங்களிடம் உள்ள நூறு ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்து இருக்கும். அந்தத் தொகைக்கு அவர் தரும் உறுதிமொழியும் இருக்கும். வரிசை எண்ணும் இருக்கும். பின்பக்கம் 15 மொழிகளில் தொகை எழுதியிருக்கும். அதில் தமிழும் உண்டு. தேடிப் படியுங்கள்: நூறு ரூபாய்.