எதிர் வரிசை காலியானால்...

பெங்களூர் விதானசவுதாவின் முகப்பில், "அரசாங்க வேலை கடவுளின் வேலை" என்று பொருள்படும் கன்னட வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. கெங்கல் அனுமந்தையா முதல்-மந்திரியாக இருந்த காலத்தில் உருப்பெற்று, 1956-ல் கட்டி முடிக்கப்பட்ட மாளிகை அது. கடவுளின் வேலைக்குக் கணக்குக் கேட்பார் இல்லை. அரசாங்க வேலைக்கு அப்படி அல்ல. கேட்க ஆள் வேண்டும். அந்த ஆட்கள் உட்காரும் இடம்தான் சட்டசபையின் எதிர் வரிசை.

1989-ம் ஆண்டு நவம்பரில் நடந்த தேர்தலுக்குப் பிறகு அந்த வரிசை ஏறக்குறைய காலியாகிவிட்டது. மொத்தம் 224 இடங்கள். அவற்றில் 178 இடங்களைக் காங்கிரஸ் பிடித்தது. ஜனதா தளத்துக்குக் கிடைத்தவை 24. பாரதீய ஜனதாவுக்கு 4. மற்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஒரே கட்சிக்கு இப்படி அள்ளிக் கொடுப்பது நல்லதா? ஒவ்வொரு தேர்தலின்போதும் டீக்கடையிலும் பஸ் நிலையத்திலும் கேட்கப்படும் கேள்வி இது. இதற்குப் பதில் சொல்லக் கர்நாடகத்தின் அனுபவமே போதும்.

நிலையான ஆட்சி வேண்டாமா?

பெரும்பலம் வேண்டும் என்பவர்களின் வாதத்தை முதலில் பார்ப்போம். அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. பத்துப் பேர் ஆதரவு குறைந்தால் அந்தப் பத்துப் பேருக்குப் பேரம் தொடங்கும். மந்திரி பதவி கேட்பார்கள்; வாரியத் தலைவர் பதவி கேட்பார்கள். முதல்-மந்திரி காலையில் கோப்பைப் பார்ப்பாரா, எம்.எல்.ஏ.க்களை எண்ணிப் பார்ப்பாரா? முழு பலம் இருந்தால் அணை கட்டலாம், ரோடு போடலாம், ஐந்து ஆண்டுகளுக்குத் திட்டம் தீட்டலாம் என்கிறார்கள்.

இதில் உண்மை இருக்கிறது. 2019-ம் ஆண்டு கர்நாடகத்தில் எம்.எல்.ஏ.க்கள் அடுத்தடுத்து ராஜினாமா செய்து ஓர் அரசு கவிழ்ந்ததை நாடே பார்த்தது. ஆனால் பெரும்பலம் இருந்தால் நிலையான ஆட்சி வந்துவிடுமா என்பதுதான் கேள்வி.

95 பேரும் 178 பேரும்

1983 ஜனவரியில் ராமகிருஷ்ண ஹெக்டே முதல்-மந்திரியானார். கர்நாடகத்தில் காங்கிரஸ் அல்லாத முதல் மந்திரிசபை அது. ஆட்சி அமைக்க 113 பேர் தேவை. ஜனதா கட்சிக்கு இருந்தவர்கள் 95 பேர்தான். 18 இடங்கள் பெற்ற பாரதீய ஜனதாவும் இடதுசாரிகளும் வெளியே இருந்து தோள் கொடுத்தனர்.

நொண்டி நடை போட வேண்டிய அந்த மந்திரிசபை கொண்டுவந்தவைதாம், அதிகாரத்தை மாவட்டங்களுக்குப் பிரித்துக் கொடுத்த ஜில்லா பரிஷத் சட்டமும் 1984-ம் ஆண்டின் லோக் ஆயுக்தா சட்டமும். முதலாவது சட்டத்தின் சிற்பியாகப் போற்றப்படுபவர் மந்திரி அப்துல் நசீர் சாப். அந்தச் சட்டப்படி 1987-ல் தேர்தல் நடந்தது. பெண்களுக்கு நூற்றுக்கு 25 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இரண்டாவது சட்டம், மந்திரிகள் மீதும் புகார் கொடுக்கச் சாதாரண மனிதனுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது. பிறர் ஆதரவில் நிற்கும் அரசு, ஒவ்வொரு மசோதாவுக்கும் பிறருக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். காரணம் சொல்லிச் சொல்லியே சட்டம் பக்குவப்படுகிறது.

இனி 178 பேர் கொண்ட ஆட்சியைப் பாருங்கள். 1989 நவம்பர் இறுதியில் வீரேந்திர பாட்டீல் முதல்-மந்திரியானார். ஓர் ஆண்டுகூட நிறையவில்லை. 1990 அக்டோபரில் கட்சித் தலைவர் ராஜீவ்காந்தி பெங்களூர் விமான நிலையத்தில் வைத்தே முதல்-மந்திரி மாற்றத்தை அறிவித்தார். பாட்டீல் எளிதில் இணங்கவில்லை. விளைவு? சட்டசபையில் ஐந்தில் நான்கு பங்கு பலம் உள்ள கட்சியின் ராஜ்யத்தில் ஒரு வாரம் ஜனாதிபதி ஆட்சி! பிறகு பங்காரப்பா வந்தார். 1992 நவம்பரில் அவரும் போய் வீரப்ப மொய்லி வந்தார். ஐந்து ஆண்டுகளில் மூன்று முதல்-மந்திரிகள்.

காரணம் எளிது. எதிரில் எதிரி இல்லாதபோது பகை வீட்டுக்குள் வந்துவிடுகிறது. பெரிய கட்சிக்குள் பெரிய கோஷ்டிகள் முளைக்கின்றன. சட்டசபையில் வெளிப்படையாக நடக்க வேண்டிய வாதம், டெல்லி மேலிடத்தின் வரவேற்பறைக்குப் போய்விடுகிறது. ஓட்டுப் போட்ட மக்களுக்கு அங்கே இடம் இல்லை.

ஓட்டு ஒரு கணக்கு, இடம் ஒரு கணக்கு

178 இடம் என்றவுடன் மாநிலமே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதாக எண்ணத் தோன்றும். அது சரியல்ல. 1989-ல் காங்கிரஸ் பெற்ற ஓட்டு நூற்றுக்குச் சுமார் 44. ஜனதா தளம் பெற்றது சுமார் 27. அதாவது 44 ஓட்டுக்கு 79 இடம். 27 ஓட்டுக்கு 11 இடம்.

ஒரு தொகுதியில் அதிக ஓட்டு வாங்கியவரே வெற்றி பெற்றவர் என்பது நம் தேர்தல் முறை. எதிர்ப்பு ஓட்டுகள் பலவாகப் பிரிந்தால், முன்னால் நிற்பவருக்கு அடைமழைதான். 1984 மக்களவைத் தேர்தலில் காங்கிரசுக்கு நூற்றுக்கு 49 ஓட்டு. தேர்தல் நடந்த 514 இடங்களில் 404 கிடைத்தன. அதே தேர்தலில் பாரதீய ஜனதாவுக்கு நூற்றுக்கு ஏழுக்கு மேல் ஓட்டு விழுந்தும் கிடைத்தவை இரண்டே இடங்கள். ஆகவே பெரும்பலம் பெற்ற கட்சி, "மக்கள் அனைவரும் எங்கள் பக்கம்" என்று பேசும்போது, மறு பாதி மக்களையும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

டெல்லியில் நடந்தவை

பெரும்பலம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1975-ம் ஆண்டு சாட்சி. பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்று அலகாபாத் ஐகோர்ட்டு ஜூன் மாதம் தீர்ப்பளித்தது. 1971-ல் 352 இடங்களுடன் வந்த ஆளுங்கட்சி, நெருக்கடி நிலை அமலில் இருந்த ஆகஸ்டு மாதத்தில், பிரதமரின் தேர்தலைக் கோர்ட்டுகள் விசாரிக்கவே முடியாதபடி அரசியல் சட்டத்தைத் திருத்தியது. மக்களவையில் ஒரு நாள், மேல்-சபையில் மறுநாள், வேலை முடிந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் அப்போது சிறையில் இருந்தார்கள். கோர்ட்டைத் தடுத்த அந்த விதியை நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு செல்லாது என்றது.

1988-ல் வேறொரு காட்சி. பத்திரிகைகளின் வாயைக் கட்டும் அவதூறு மசோதா ஆகஸ்டு மாதம் மக்களவையில் நிறைவேறியது. தடுக்க அங்கே ஆள்பலம் இல்லை. பத்திரிகையாளர்கள் நாடெங்கும் தெருவில் இறங்கிய பிறகு, செப்டம்பரில் அரசு மசோதாவைக் கைவிட்டது. சபைக்குள் நடக்க வேண்டிய வேலையைத் தெரு செய்ய வேண்டியதாயிற்று.

சொந்த வரிசையிலிருந்து ஒரு குரல்

அப்படியானால் நேரு காலத்தில்? 1957-ல் 494 இடங்களில் 371 காங்கிரசுடையவை. ஆயினும் அந்த சபையில்தான் முந்த்ரா விவகாரம் வெடித்தது. ஆயுள் இன்சூரன்ஸ் கழகத்தின் பணம் ஒரு கோடி ரூபாய்க்கு மேல், முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிப் பங்குகளில் போடப்பட்டது ஏன் என்று அடுக்கடுக்காகக் கேட்டவர் பெரோஸ் காந்தி. அவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல. ஆளுங்கட்சி உறுப்பினர், அதிலும் பிரதமரின் மருமகன்! சாக்ளா விசாரணை நடத்தினார். நிதி மந்திரி டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார்.

பெரும்பலத்தின் நஞ்சை முறிக்கும் மருந்து இதுதான்: ஆளும் வரிசையிலேயே வாய் திறக்கும் மனிதர்கள். 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் விலைபோகும் உறுப்பினர்களைக் கட்டுப்படுத்தவே வந்தது, தேவையும் இருந்தது. ஆனால் கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகும் என்ற விதி, மனச்சாட்சிக்காரரையும் சேர்த்துக் கட்டிவிட்டது. 1990-ல் தினேஷ் கோஸ்வாமி கமிட்டி, நம்பிக்கை ஓட்டு போன்ற ஆட்சியின் உயிருக்கான ஓட்டெடுப்பில் மட்டும் அந்தத் தண்டனை போதும் என்று யோசனை சொன்னது. அந்த யோசனை சட்டமாகவில்லை. இன்று 178 பேர் என்றால் 178 கைகள். ஆனால் வாய் ஒன்று.

சிறு கூட்டத்தாருக்கு என்ன?

கர்நாடகத்தில் வாழும் தமிழர்களுக்கு இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. கோலார் தங்கவயல் தொகுதி, அ.தி.மு.க. உறுப்பினர்களையும் இந்தியக் குடியரசுக் கட்சி உறுப்பினர்களையும் விதானசவுதாவுக்கு அனுப்பியதுண்டு. ஆளுங்கட்சிக்கு 95 பேர் இருக்கும் சபையில் அப்படிப்பட்ட ஒற்றை உறுப்பினருக்கும் மதிப்பு உண்டு. 178 பேர் இருக்கும் சபையில் அவரைத் திரும்பிப் பார்க்கவும் ஆள் இல்லை.

எதிர்க்கட்சி வலுவாக இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. 1991-ல் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை முறியடிக்கக் கர்நாடக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, பிறகு அதைச் சட்டமாகவும் ஆக்கியது. காவிரியில் அங்குள்ள கட்சிகளிடையே பெரிய வேறுபாடு இல்லை. நவம்பரில், அது மாநிலத்தின் அதிகாரத்துக்கு மீறியது என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. டிசம்பரில் உத்தரவு மத்திய அரசின் கெஜட்டில் வெளியானதும் பெங்களூரில் கலவரம் மூண்டது. தமிழர்கள் உயிரும் உடைமையும் இழந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் ஊரை விட்டு ஓடினார்கள். சபை முழுவதும் ஒரே குரலாகும் நாளில், எண்ணிக்கை குறைந்தவர்களுக்குக் கோர்ட்டும், அரசியல் சட்டமும், பாரபட்சம் பார்க்காத போலீசும்தான் துணை. பெரும்பலம் முதலில் கை வைக்க நினைப்பதும் பெரும்பாலும் இவற்றின் மீதுதான்.

செய்யத்தக்கது என்ன?

இன்ன கட்சிக்கு இத்தனை இடத்துக்கு மேல் கூடாது என்று சட்டம் போட முடியாது, போடவும் கூடாது. ஓட்டு மக்களின் உரிமை. ஆனால் வென்றவர்கள் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. பாராளுமன்றப் பொதுக் கணக்குக் கமிட்டிக்கு எதிர்க்கட்சிக்காரரே தலைவர் என்ற வழக்கம் 1967-ல் மினு மசானியிலிருந்து தொடங்கியது. 2015-ல் டெல்லி சட்டசபையின் 70 இடங்களில் 67-ஐ ஆம் ஆத்மி கட்சி வென்றது. மூன்றே உறுப்பினர்கள் கொண்ட பாரதீய ஜனதாவுக்கு எதிர்க்கட்சித் தலைவர் பதவி கொடுக்கப்பட்டது. மக்களவையிலோ, பத்தில் ஒரு பங்கு இடம் இல்லை என்ற வழக்கத்தைக் காட்டி, 1984, 2014, 2019 தேர்தல்களுக்குப் பிறகு அந்தப் பதவி யாருக்கும் தரப்படவில்லை.

கேள்வி நேரம் முழுதாக நடக்கிறதா, மசோதா கமிட்டிக்குப் போகிறதா, சபை போதிய நாட்கள் கூடுகிறதா என்று வாக்காளர்கள் கவனிக்க வேண்டும். ஓட்டுப் போட்ட கையோடு கடமை முடிந்துவிடுவதில்லை.

வென்றவர்களுக்கும் இதில் சுயநலம் உண்டு. 1994 டிசம்பரில் கர்நாடக வாக்காளர்கள் மீண்டும் தீர்ப்பெழுதினார்கள். ஜனதா தளத்துக்கு 115. பாரதீய ஜனதாவுக்கு 40. ஐந்து ஆண்டுகளுக்கு முன் 178 பேருடன் உட்கார்ந்த காங்கிரசுக்கு 34! எதிர்க்கட்சித் தலைவர் பதவிகூட அந்தக் கட்சிக்குக் கைக்கு எட்டவில்லை. எதிர் வரிசையின் உரிமைகளைக் காப்பாற்றி வைப்பவன், நாளைக்குத் தான் உட்காரப்போகும் நாற்காலியைத்தான் காப்பாற்றி வைக்கிறான்.