நிலமும் அவையும்

பேரழிவுக்குப்பின் ஒரு நாடு மீண்டெழுவது எவ்வாறு? ஆப்பிரிக்காவின் ருவாண்டாவைக் கொண்டு ஆராய்வோம்.

1994-இல், ஏறத்தாழ 100 நாட்களில், அங்கே இலட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். எஞ்சியோரில் மகளிரே மிகுதி. குடும்பப் பாரம் அவர்கள் தோள்மேல் விழுந்தது. ஆயினும் தந்தையின் நிலத்தையும் கணவனின் நிலத்தையும் வழக்காறு ஆண் வாரிசுகளுக்கே அளித்தது. பயிரிடும் கைக்கு நிலத்தில் உரிமை இல்லாதவிடத்து மீட்சி ஏது?

1999-இல் இயற்றப்பெற்ற சட்டம் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு வழங்கியது. 2003-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, முடிவெடுக்கும் அமைப்புகளில் மகளிருக்குக் குறைந்தது 30 விழுக்காடு இடங்களை உறுதிசெய்தது. 2008-இல் பிரதிநிதிகள் சபையின் 80 இடங்களுள் 45 மகளிருடையவை ஆயின.

எனினும், பதிவுபெறாத மணத்தில் வாழ்ந்தவளை 1999-ஆம் ஆண்டுச் சட்டம் மனைவியாக ஏற்கவில்லை. அவையில் இடம் ஒன்று. வயலில் உரிமை மற்றொன்று. இரண்டும் கூடியபோதே மீட்சி நிறைவெய்தும் என்பது நம் கருத்து.